ஞாயிற்றுக்கிழமைக் கழகம்: கல்விக்களமா? சூதுக்களமா?

'மட்டைப்பந்து ஆங்கிலவன் விட்டுச்சென்ற எச்சம். அதனைப் பற்றித் தமிழன் எண்ணுவதும் வீண், எழுதுவதும் வீண்' என்பார் தமிழன்பருள் பலர். அவர்தம் சினம் அடிப்படையற்றது அன்று. பெரும்போட்டி நடக்குங்கால் அலுவலகங்கள் உறங்குவதும், ஆட்டக்காரர்க்கு ஆளுயரப் படம் எழுப்பி இளைஞர் ஆரவாரிப்பதும் கண்டு நெஞ்சு வேகாதார் யார்? ஆயினும், அச்சினம் தொலைக்காட்சித் திரையோடு நின்றுவிடுகின்றது. திரைக்கு வெளியே, காரிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் எழுந்து, மட்டையைத் தோளில் சார்த்திக்கொண்டு, மாநகராட்சித் திடலுக்கும் வறண்ட ஏரிக்கும் அறுவடை முடிந்த வயலுக்கும் செல்கின்றானே ஓர் இளைஞன், அவனை யாரும் நோக்குவதில்லை. அவன் பணிமனைத் தொழிலாளி, துணிக்கடைப் பணியாள், தானி ஓட்டுநன், கல்லூரி மாணவன். ஆறு நாள் உழைப்பிற்குப் பின் கிடைத்த ஒரு காலைப்பொழுதை அவன் அங்கே செலவிடுகின்றான். அவனுக்கு யாரும் கூலி தருவதில்லை. பந்து வாங்கும் பணமும் அவனுடையதே. அவனும் அவன் தோழரும் கூடி அமைத்துக் கொண்ட சிறு கழகத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒரு பொருள் எங்குப் பிறந்தது என்பதைவிட, இன்று அது யார் கையில், எப்பண்போடு இருக்கின்றது என்பதே ஆராயத் தக்கது. மட்டைப்பந்து ஆள்வோர் ஆட்டமாகவே இந்நிலத்திற்கு வந்தது. சென்னையில் வெள்ளையர் தமக்கென மட்டைப்பந்துக் கழகம் கண்ட ஆண்டு 1846. சேப்பாக்கத்தில் அவர் பேணிய பசும்புல் திடலில் இந்நாட்டவர்க்குச் சமன்மையான இடம் இல்லை. மூடிய அக்கதவுக்கு விடையாகவே 1888-இல் புச்சிபாபு நாயுடு என்பார் இந்நாட்டு இளைஞரைத் திரட்டித் தனிக்கழகம் கண்டார். தம் கைப்பொருளைச் செலவிட்டு அவர்களைப் பயிற்றினார். வெள்ளையரும் இந்நாட்டவரும் எதிரெதிர் நின்று ஆட வேண்டும் என்று முயன்ற அவர், அவ்வாட்டத்தைக் காணுமுன்னரே 1908-இல் மறைந்தார். 1915 முதல் அப்போட்டி பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடைபெறும் விழாவாக மலர்ந்தது. ஆதலின், இம்மண்ணின் மட்டைப்பந்துக் கழகம் வெள்ளையனைப் போலி செய்தற்கு மட்டும் தோன்றியதன்று. 'எங்களுக்கும் இடம் உண்டு' என்று முழங்குதற்குத் தோன்றியது.

ஆனால், வெள்ளையனிடம் இடங்கேட்டவர் தம்மவர்க்கு இடங்கொடுத்தனரா? இவ்வினாவிற்குப் பல்வாங்கர் பாலூ என்பாரின் வாழ்க்கையே விடை. ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த அவர், பூனாவில் வெள்ளையர் கழகத்து ஆடுதளம் பேணும் கூலியாளாய் இருந்தவர். வெள்ளையர் மட்டை பயிலப் பந்து வீசிவீசியே தேர்ந்த அவர்க்கு, மட்டையைத் தொட்டு ஆடும் வாய்ப்பை அவர்கள் நல்கவில்லை. பின்னர் அவர்தம் திறம் கருதி அவரை அணியிற் சேர்த்துக்கொண்ட இந்நாட்டுக் கழகத்தாரோ, திடலில் அவரோடு ஒரே பந்தைத் தொட்டனர். இடைவேளையில் அவர்க்கு மட்டும் புறத்தே நிறுத்தி, எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் தந்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேற்பட்ட இலக்குகளை வீழ்த்தி மீண்டபோதும் அவரை அணித்தலைவர் ஆக்க மனம் வரவில்லை. அவர்தம் உடன்பிறந்தார் விட்டல் என்பார்க்கே 1923-இல் அத்தலைமை கிட்டிற்று. ஆட்டநெறிகள் எவற்றிலும் குவளையைப் பற்றிய நெறி இல்லை. குவளையில் நஞ்சைக் கலந்தவர் ஆடியவர்களே. ஆதலின் ஒரு கழகத்தின் பண்பை அதன் மட்டையிலும் பந்திலும் தேடலாகாது. ஆடுவார் ஒருவரையொருவர் நடத்தும் முறையில் தேடல் வேண்டும்.

விளையாட்டைத் தமிழர் எவ்வாறு மதித்தனர்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என வகுத்தார். செல்வம் ஒன்று, புலன் ஒன்று, புணர்வு ஒன்று, விளையாட்டு ஒன்று. அவ்வுவகையும் பிறர்க்கு அல்லல் செய்யாத உவகையாக இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. செல்வத்தையும் விளையாட்டையும் அவர் வேறுவேறாக எண்ணியதை இங்கு ஊன்றி நோக்கல் வேண்டும். பொருளால் வரும் மகிழ்ச்சி வேறு. ஆட்டத்தால் வரும் மகிழ்ச்சி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். 2008-இல் தொடங்கிய ஐ.பி.எல். போட்டியில் ஆட்டக்காரர் ஏலம் விடப்படுகின்றனர். அதனை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை மட்டும் 48,390 கோடி உருபாவுக்கு விலைபோயிற்று. அது வணிகம், அதனை வணிகமென்றே கண்டு ஒதுங்கலாம். தொல்காப்பியர் கூறிய விளையாட்டு என்னும் உவகை இன்று எஞ்சி நிற்பது, கூலியின்றி ஆடும் ஞாயிற்றுக்கிழமைத் திடலில்தான். அதனாலேயே அத்திடலைக் காத்தல் கடன்.

அத்திடல் தூய்மையாக இருக்கின்றதா? இங்கேதான் கவலை பிறக்கின்றது.

'கழகம்' என்னும் சொல்லின் வரலாறே இக்கவலையை விளக்கும். திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில் சூதாடும் இடத்தையே கழகம் என்றார். பின்வந்த இலக்கியங்களில் கலை பயிலும் இடமும் கழகம் எனப்பட்டது. கவறு உருளும் இடமும் கல்வி வளரும் இடமும் ஒரே சொல்லால் வழங்கின. ஞாயிற்றுக்கிழமை மட்டைப்பந்துக் கழகமும் இவ்விரு பொருளுக்கும் நடுவேதான் நிற்கின்றது. எப்பக்கம் சாய்வது என்பது அதன் உறுப்பினர் கையில் உள்ளது.

இளைஞர் 'பெட்டு மேட்சு' என்று வழங்கும் பந்தய ஆட்டத்தை எடுத்துக்கொள்க. இரு தெருவினரும் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் திரட்டுகின்றனர். இரு தொகையும் ஒருவர் கையில் சேர்கின்றன. வென்றவர் அனைத்தையும் அள்ளிச் செல்கின்றனர். 'பந்து வாங்கும் செலவுக்குத்தானே' என்று தொடங்கும் இது, சின்னாளில் அச்செலவைக் கடந்துவிடுகின்றது. தோற்றவர் இழந்ததை மீட்க அடுத்த கிழமை இருமடங்கு வைக்கின்றனர். இழந்ததை மீட்கும் வேட்கையே மேலும் இழப்பிற்கு வழியாதல் சூதின் இயல்பு என்பதை வள்ளுவர் அன்றே காட்டினார். பணம் புகுந்ததும் ஆட்டத்தின் பண்பு திரிகின்றது. திறம் குறைந்த தோழன் 'நீ இன்று வேண்டா' என ஒதுக்கப்படுகின்றான். அயலூரிலிருந்து ஆட்டக்காரன் கூலிக்கு அழைக்கப்படுகின்றான். தோழமைக்காகக் கூடிய கழகம் தோழனையே வெளித்தள்ளுகின்றது. கூலியற்ற ஆட்டம் என்னும் ஒரே சிறப்பும் அங்கே மடிகின்றது.

பந்தயத்தினும் நுண்ணிய கேடு ஒன்றுண்டு. அது நடுவர் நிற்கும் இடத்தில் உள்ளது.

இவ்வாட்டங்களில் ஊதியம் பெறும் நடுவர் இரார். மட்டை பிடித்து ஆடும் அணியினரே, தம் முறைக்குக் காத்திருக்கும் இருவரை நடுவராக நிறுத்துவர். அஃதாவது, தன் தோழன் ஆட்டமிழந்தான் என்று தானே விரலுயர்த்தும் பொறுப்பு ஓர் இளைஞன்மேல் விழுகின்றது. இதனினும் சிறந்த அறத்தேர்வு எப்பள்ளியில் நடக்கின்றது? வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பகை, நட்பு, அயல் என்னும் மூவகையினரிடத்தும் முறை பிறழாமையே அதன் கருப்பொருள். அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்ற மாணவன், திடலில் வெண்கோட்டருகே நிற்குங்கால்தான் அதன் பொருளை அறிகின்றான். பந்து மட்டையின் விளிம்பை உரசிச் சென்ற ஒலி அவன் காதிற் பட்டது. எதிரணியினர் கைதூக்கி முறையிடுகின்றனர். தோழன் அவன் முகத்தையே நோக்குகின்றான். அவ்வொரு நொடியில் அவன் யார் என்பது தெரிந்துவிடும்.

இத்தேர்வை இளைஞர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர்? பல இடங்களில் அதனை எழுதாமலேயே விட்டுவிடுகின்றனர். காசு சுண்டுமுன்னரே இரு தலைவரும், 'எல்.பி.டபுள்யூ. இல்லை' என்று உடன்பாடு செய்துகொள்கின்றனர். ஆங்கில எழுத்துகளால் அவர் சுட்டும் அதனைக் கால்மறைப்பு எனலாம். இலக்கை நோக்கி வரும் பந்தை மட்டையால் தடுக்காது காலால் மறைத்தால் ஆட்டமிழப்பு என்பது அந்நெறி. பந்து எங்கு விழுந்தது, காலில் எங்குப் பட்டது, பட்டிராவிடில் குச்சியைத் தகர்த்திருக்குமா என்னும் வினாக்களுக்கு நடுவர் ஒரு நொடியில் விடை காணல் வேண்டும். அது கடினந்தான். ஆயினும், இளைஞர் அந்நெறியை நீக்குவது கடினத்தால் மட்டும் அன்று. எதிரணியிலிருந்து வரும் நடுவன் நேர்மையாகச் சொல்வான் என்னும் நம்பிக்கை இல்லாமையாலும் ஆகும். அந்நெறியின் பிறப்பை அறிந்தார்க்கு இதன் கேடு விளங்கும். ஆட்டநெறிகள் முதன்முதல் எழுத்தில் அமைந்த ஆண்டு 1744. அவற்றுள் கால்மறைப்பு இல்லை. குச்சிக்கு முன் வேண்டுமென்றே காலை வைத்துப் பந்தைத் தடுக்கும் கரவு பெருகியதால், முப்பதாண்டு கழித்து 1774-இல் அந்நெறி சேர்க்கப்பெற்றது. கரவை அடைக்க வந்த கதவு அது. நடுவனை நம்பாமையால் அக்கதவையே பெயர்த்தெறிந்தால், கரவுக்கு மீண்டும் வழி திறந்தவாறாகும். நயன்மன்றத்தை நம்பாத குமுகாயம் சட்டத்தையே நீக்கிவிடுதல் போன்றது இது. நம்பத்தக்க நடுவனை ஆக்குவதன்றோ உரிய மருந்து?

அம்மருந்து எட்டாத் தொலைவில் இல்லை. ஆடும் அணியினர் ஒருவரும் எதிரணியினர் ஒருவருமாக இருமுனையிலும் நிற்கலாம். பல அணிகள் கூடும் நாளில், அடுத்த ஆட்டத்திற்குக் காத்திருக்கும் மூன்றாம் அணியினர் நடுவராகலாம். அனைத்தினும் மேலாக, தான் ஆட்டமிழந்ததைத் தானே அறிந்த ஆட்டக்காரன் நடுவன் விரலை நோக்காமலே வெளியேறலாம். எதிரணியினர் முறையிட்டாலன்றி நடுவர் ஆட்டமிழப்பைக் கூறலாகாது என்கின்றது ஆட்டநெறி. ஆனால், எவரும் கேளாமலே தன் நெஞ்சு கேட்ட கேள்விக்கு விடையாக ஒருவன் வெளியேறுதலை எந்நெறியும் தடுக்கவில்லை. அவ்வாறு வெளியேறிய ஒருவனைக் கண்ட பத்துச் சிறுவர், அறநூல் பத்துப் படித்தவர் ஆவர்.

'ஓய்வுப்பொழுது ஆட்டத்திற்கு இத்துணை அறமும் நெறியும் எதற்கு?' என்று கேட்பார் இருக்கலாம். ஊதியத்திற்கு ஆடுபவனைக் காக்க ஒளிப்படக் கருவிகளும் தண்டத்தொகையும் உள்ளன; அவன் அஞ்சியாவது நேர்மை காப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரனைக் கண்காணிப்பார் எவருமிலர். அவனிடம் உள்ள நேர்மை அவனுடைய சொந்த நேர்மை. அதனாலேயே அது விலைமதிப்பற்றது.

இனி, அணி அமையும் முறை. ஊர்களில் பெரும்பாலும் தெருவுக்கு ஓர் அணி. தெருவோ, பல ஊர்களில் குலத்தின் மறுபெயர். தெரு அணி எனத் தோன்றுவது குல அணியாகவே முடிகின்றது. திடலில் எழும் சிறு பூசல் ஊர்ப்பூசலாக வளர்தற்கு இதுவே வித்து. கோயிற்றிருவிழாவில் பிரிந்து நின்றவர் ஆட்டத்திலும் பிரிந்தே நின்றால், ஆட்டம் எதற்கு? கூடி ஆடினால்தானே குலம் கரையும்? பாலூவுக்கு மண்குவளை தந்த தலைமுறை மறைந்தது. ஆனால் தெருவைப் பார்த்து ஆள் சேர்க்கும் வழக்கம் மறையவில்லை. ஒரு கழகம் தன் பதினொருவரைத் தெருப் பாராது, திறமும் பண்பும் பார்த்துத் தேர்ந்து, ஒரே குடத்து நீரைப் பருகுமாயின், அது நூறு மேடைப்பேச்சு செய்யாத பணியைச் செய்ததாகும்.

மொழிக்கு வருவோம் எனின், அங்கும் பழி இளைஞன்மேல் மட்டும் இல்லை. முதற்சொல் முதல் இறுதிச்சொல் வரை ஆங்கிலமாகவே ஒலிக்கும் திடலைக் கண்டு தமிழன்பர் வருந்துவர். ஆனால், காதைச் சற்றுக் கூர்மையாக்கிக் கேட்பாராக. அடிக்காமல் தடுத்துக்கொண்டே நிற்பவனைக் 'கட்டை போடுகின்றான்' என்கின்றனர் சிறுவர். முழங்கையை மடக்கி எறிபவனது பந்தை 'மாங்காய்' என்கின்றனர். மாமரத்தில் கல்லெறியும் கையசைவை அங்கே கண்டனர். தரையோடு வருவது 'உருட்டு'. எவரும் கற்பிக்காமல், எந்தப் பேரவையும் கூடாமல், தெருவிலேயே பிறந்த தமிழ் இது. சொல்லாக்கும் ஆற்றல் தமிழ்ச் சிறுவனிடம் வற்றவில்லை. அவன் நாவுக்கு ஏற்ற சொற்களைத் தேடித் தராமை கற்றவர் குறையே.

ஈழத்தமிழர் இதில் முன்னோடிகள். யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904-இல் தொடங்கிய போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்றே அவர் வழங்குவர். துடுப்பாட்டம், இலக்கு, களத்தடுப்பு, பந்துவீச்சாளர், ஆட்டமிழப்பு என அவர்தம் நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. தமிழ்நாட்டிலும் சாத்தான்குளம் அப்துல் சப்பார் போன்றோர் வானொலியில் தமிழிலேயே ஆட்டத்தை ஓடஓடச் சொல்லிக் காட்டினர். ஆதலின், 'தமிழில் முடியாது' என்பது முயலாதார் கூற்று. ஒன்று மட்டும் நினைவிற் கொள்க: ஓடிக்கொண்டே கூவும் சிறுவன் வாயில் நீண்ட சொல் நில்லாது. 'பந்துப் பரிமாற்றம்' ஏட்டுக்கு அழகு. திடலுக்கு 'ஆறு' என்பதே போதும். 'மூன்றாம் ஆறு முடிந்தது' என்றால் யார்க்கு விளங்காது? பழகிய பெயரை மாற்றலாகாது என்பார்க்கும் விடை உண்டு. ஆட்டநெறிகளைப் பேணும் இலண்டன் மேரிலெபோன் கழகமே, மட்டையாளரைக் குறித்து நெடுங்காலமாக வழங்கிய ஆண்பாற் சொல்லை 2021-இல் நீக்கி, இருபாற்கும் பொதுவான சொல்லை ஏற்றது. சொல்லுக்கு உரியவரே முறைமை கருதிச் சொல்லை மாற்றுங்கால், இரவலாகப் பெற்றவர் மாற்ற அஞ்சுவானேன்?

தொடங்கும் இடமும் எளியது: ஓட்டக்கணக்குச் சுவடி. ஒவ்வோர் ஆட்டத்திற்கும் யாரோ ஒருவன் கணக்கு எழுதத்தான் செய்கின்றான். ஆட்டக்காரர் பெயரைத் தமிழில் எழுதுக. தலைப்புகளைத் தமிழில் அமைக்க. நாற்பத்திரண்டு ஆட்டநெறிகளையும் எளிய தமிழில் சிறு சுவடியாக்கிக் கழகந்தோறும் ஒரு படி வைக்க. நெறியை அறியாமையாலேயே பாதிப் பூசல் எழுகின்றது. அறியாமைக்குக் கரணியம் அது தாய்மொழியில் இல்லாமையே. இங்குத் தமிழ் வெறும் அணிகலன் அன்று, நடுவுநிலைமைக்கே கருவி.

இறுதியாக, திடல். திடல் இல்லையேல் இவையனைத்தும் வெறுங்கனவு. சென்னைத் தியாகராயநகர்ச் சோமசுந்தரம் திடல் போன்ற மாநகராட்சித் திடல்களில் ஞாயிறு காலை ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஓர் ஆட்டத்தின் களத்தடுப்பாளன் மற்றோர் ஆட்டத்தின் நடுவே நிற்பான். எவன் பந்து எவன் தலையில் விழும் என்பது தெரியாது. ஒருபுறம் இந்நெருக்கடி, மறுபுறம், பள்ளித் திடல்கள் பல இரு விடுமுறை நாளும் பூட்டிக் கிடக்கின்றன. பொதுப்பணத்தில் அமைந்த திடல் பொதுமக்கள் பிள்ளைகட்குப் பூட்டப்படுவது என்ன முறை? பொறுப்பேற்கும் கழகத்திற்கு முறைவைத்துத் திறந்துவிடலாம். கழகமும் ஆடிய பின் குப்பையகற்றி, மரம் நட்டு, நீரூற்றித் தன் கடன் ஆற்றலாம். மட்டைப்பந்தாருக்கு மட்டும் அன்று. சடுகுடு ஆடுவார்க்கும் சிலம்பம் பயில்வார்க்கும் பெண்பிள்ளைகட்கும் அதே திடலில் உரிய பொழுது ஒதுக்கல் வேண்டும். ஓர் ஆட்டம் மற்ற ஆட்டங்களைத் திடலிலிருந்து விரட்டுமாயின், அதுவும் ஒருவகை வல்லாண்மையே.

செய்ய வேண்டுவன சிலவே. பந்தயப் பணத்தை விலக்குக. நம்பத்தக்க நடுவரை நிறுத்திக் கால்மறைப்பு நெறியை மீண்டும் கொணர்க. தெருவும் குலமும் பாராது அணி அமைக்க. கணக்கும் நெறியும் தமிழில் எழுதுக. பூட்டிய திடல்களைத் திறக்கக் கூடிநின்று கேட்க. இவற்றிற்கு அரசின் ஆணை வேண்டுவதில்லை, இறுதியதற்கு அன்றி. பதினொரு இளைஞர் உளங்கொண்டால் வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.

ஆள்வோர் ஆட்டமாக வந்தது உழைப்போர் ஆட்டமாயிற்று. அதனை அறத்தோர் ஆட்டமாக்குவதே எஞ்சிய பணி. கழகம் என்னும் சொல்லுக்கு வள்ளுவர் காலத்தே ஒட்டிய கறையைக் கழுவும் கைகள், விடியற்காலையில் மட்டையேந்திச் செல்லும் அவ்விளைஞனின் கைகளே ஆகுக!